மகள் வண்டி ஓட்டக் கத்துக்கவே மாட்டேங்கிறா, உங்க வீட்டுலயும் இப்படித்தானா?

குரோம்பேட்டை அப்பா:
எனக்கு 56 வயசு. வீட்டு வாசல்ல 2016ல வாங்கின ஒரு சின்ன கார் நிக்குது. மகளுக்கு 24, கிண்டியில வேலை. கார் வேண்டாம், ஸ்கூட்டி வேண்டாம், லைசென்சே வேண்டாங்கிறா.

நான் எங்கப்பா மத்தியானம் தூங்குற நேரமாப் பாத்து அவரோட டிவிஎஸ் 50யைத் தெருமுனை வரைக்கும் சத்தமில்லாம தள்ளிட்டுப் போய், அங்க மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிக் கத்துக்கிட்டவன். 18 முடிஞ்சதும் ஆர்டிஓ ஆபீஸ்ல போய் எட்டு போட்டேன். இவளுக்குப் போன வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டி எல்எல்ஆரும் எடுத்துக் குடுத்தேன். மூணு நாள் போனா. நாலாவது நாள் தலைவலின்னா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. ஆறு மாசம் ஓடி எல்எல்ஆர் காலாவதியே ஆயிடுச்சு.

கேட்டா ஒரு கணக்கு வெச்சிருக்கா. "கிண்டிக்கு எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல அஞ்சு ரூபா. உக்காந்தா புக் படிக்கிறேன், நின்னா பாட்டு கேக்குறேன். நீ பல்லாவரம் தாண்டுறதுக்குள்ள எத்தனை பேரைத் திட்டுறேன்னு எண்ணியிருக்கியாப்பா?"

சரி, சோம்பேறித்தனம்னு விட்டிருப்பேன். ஆனா ஆடி மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குக் கிட்னியில கல்லு வலி. கல்லு வந்தவங்களுக்குத் தெரியும், தரையில உருளணும் போல இருக்கும். மகள் வாசல் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆப்ல டாக்ஸி புக் பண்றா. மூணு டிரைவர் வரிசையா கேன்சல். பொறுமை போய் நானே சாவியை எடுத்து, ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டே ரிவர்ஸ் எடுத்தேன். கேட் தூண்ல இடிச்சு இடது பக்க டெயில் லைட் காலி. கடைசியில எதிர்வீட்டுப் பையன் கைலியோட வந்து ஓட்டிட்டுப் போனான். வாசல்ல கார் நிக்குது, வீட்டுல ரெண்டு பேர் நிக்கிறாங்க, ஓட்டத்தான் ஆள் இல்ல.

கட்டாயப்படுத்திக் கத்துக்குடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜன்னலோரம்:
சார், எனக்கு 26, எனக்கும் லைசென்ஸ் கிடையாது. எல்லாரும் பயம்னு நினைக்கிறாங்க. பயம் இல்ல சார், பிடிக்கல, அவ்வளவுதான். 2015ல கோயம்பேடு-ஆலந்தூர் மெட்ரோ ஓட ஆரம்பிச்சப்ப நான் பள்ளிக்கூடப் பையன். அதுலயே வளந்துட்டேன். எங்கப்பா தலைமுறைக்கு பைக்தான் வீட்டை விட்டுத் தப்பிக்க ஒரே வழி. எங்களுக்கு அது ஈஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், அதுக்கு மேல பார்க்கிங் சண்டை.

ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு ராத்திரி 108க்குப் போன் பண்ணலையா?

தோ பாயோ வாசி:
சிங்கப்பூர்ல என் பையனுக்கு 24. லைசென்ஸ் பேச்சே எடுத்ததில்ல. இங்க கார் வாங்கணும்னா மொதல்ல சிஓஇ எடுக்கணும், அதாவது பத்து வருஷம் கார் வெச்சுக்கிற உரிமைக்கான சீட்டு. 2023 அக்டோபர்ல பெரிய கார்களுக்கு அது 1,50,001 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குப் போச்சு. கார் விலை அதுக்கு மேல தனி. அந்தக் காசுக்குக் காலம் முழுக்க எம்ஆர்டியில, அதாவது இங்கத்த மெட்ரோ ரயில்ல போலாம். சென்னைக்கு இது பொருந்துமான்னு நீங்கதான் சொல்லணும்.

வேடசந்தூர்க்காரி:
இதெல்லாம் சென்னை, சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு பேசுற பேச்சு. எங்க கிராமத்துக்கு ராத்திரி கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. மழை பெஞ்சா அதுவும் சந்தேகம். லேடீஸுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, நல்லதுதான், நானும் போறேன். ஆனா பஸ் வந்தாத்தானே ஏற முடியும்?

2018ல வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஸ்கூட்டருக்கு மானியம் குடுத்தாங்கல்ல, பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபா. அதுக்கு எல்எல்ஆர் வேணும்னதும் 38 வயசுல கத்துக்கிட்டேன். எங்க மாமியார் வாசல்ல நின்னு, "விழுந்து கைகால் போனா யார் சோறாக்குறது?"ன்னாங்க. விழுந்தேன்தான். முட்டியில தழும்பு இருக்கு. இப்ப மாமியார்க்குக் கண் ஆஸ்பத்திரின்னா பின்னாடி உக்காந்து என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க.

அண்ணே, உங்க எழுத்துல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வீட்டுல ரெண்டு பேர் நின்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. மகள்கிட்ட ஒரு வருஷமா கேக்குறீங்க. அண்ணிகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?

டபுள் கண்ட்ரோல்:
டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன், 19 வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து அந்த எக்ஸ்ட்ரா பிரேக்கை மிதிக்கிறவன். அப்பா காசு கட்டி அனுப்புற பிள்ளைங்களை மொதல் நாளே கண்டுபிடிச்சிடலாம். ஸ்டியரிங்கை ரெண்டு விரல்ல பிடிப்பாங்க. கிளட்சை விடும்போது வண்டி தூக்கிப் போட்டு ஆஃப் ஆகும், உடனே என்னைப் பாப்பாங்க, ரோட்டைப் பாக்க மாட்டாங்க. பின்னாடி நாலு ஹாரன் அடிச்சா மறுநாள் வர மாட்டாங்க. உங்க பொண்ணுக்கும் மூணாவது நாள் அப்படி ஏதோ நடந்திருக்கும்னு என் ஊகம். வலுக்கட்டாயமா கத்துக்குடுத்து லைசென்ஸ் வாங்கிக் குடுத்தாலும் அது பீரோவுலதான் இருக்கும் சார். அவசரத்துக்கு உதவாது. ராத்திரி ரெண்டு மணிக்கு, அப்பா பக்கத்துல கத்திக்கிட்டிருக்கும்போது, ஓட்டிப் பழகாத ஆள் கையில வண்டியைக் குடுக்குறது கல்லு வலியைவிட ஆபத்து.

கிளட்ச்தான் பிரச்சினைன்னா ஆட்டோமேடிக் வண்டியில பழகச் சொல்லுங்க. நம்ம நாட்டுல காருக்கு கியருக்குத் தனி, ஆட்டோமேடிக்குக்குத் தனின்னு லைசென்ஸ் கிடையாது. அதுவும் அவங்களா கேட்டா மட்டும்.

குரோம்பேட்டை அப்பா:
ஜன்னலோரம் தம்பி, 108 தோணவே இல்ல. வாசல்ல கார் நிக்கும்போது ஆம்புலன்சைக் கூப்பிடுறது ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி. இப்ப எழுதும்போது எனக்கே அசிங்கமா இருக்கு.

மாஸ்டர் சொன்னது சரிதான். மகள்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். மூணாவது நாள் ராதா நகர் சந்துல வண்டி ஆஃப் ஆகி, ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து கண்ணாடியில தட்டி, "வீட்டுல சமையல் பண்ணும்மா"ன்னாராம். என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். "நீயும் அதையேதானப்பா கார்ல உக்காந்து மத்தவங்களைச் சொல்லுவ"ன்னா. சொல்லியிருக்கேன். இல்லைன்னு சொல்ல முடியல.

வேடசந்தூர் தங்கச்சி, கேட்டேன். காய் நறுக்கிக்கிட்டிருந்தா. "கல்யாணமாகி 27 வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?"ன்னா. வேற எதுவும் சொல்லல. ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஏதோ யோசனையில கேக்குற மாதிரி, "அந்த ஸ்கூல்ல சொல்லிக்குடுக்க லேடீஸ் இருக்காங்களா?"ன்னா.

மாஸ்டர், அவளுக்கு 51. லேடி இன்ஸ்ட்ரக்டர் இருக்காங்களா? காலையில ஆறு மணி பேட்ச் இருந்தா நல்லது.

டபுள் கண்ட்ரோல்:
இருக்காங்க சார். 40 தாண்டினதால டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ, அதாவது மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்க கூட வர வேண்டாம்.