மேட்டுப்பாத்தியில் நாற்றுகள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்கின்றன, யார் வேலை இது?

பச்சைமிளகாய் கேட்டது:
4 அடிக்கு 8 அடியில் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுத் தக்காளியும் கத்தரியும் நட்டு ஆறு நாள்தான் ஆகிறது. மாலையில் நிமிர்ந்து நிற்கிறது, காலையில் போனால் இரண்டு மூன்று தரையில் கிடக்கிறது. இலையைப் பெரிதாகத் தின்னவில்லை, தண்டுதான் மண்ணை ஒட்டித் துண்டாகியிருக்கிறது. இதுவரை 11 நாற்று போயாச்சு. போதாததற்கு ஒரு மூலையில் கைப்பிடி அளவுக் குழிகள் வேறு. எலியாக இருக்கும் என்று நான்கு பக்கமும் வலை கட்டினேன், நேற்றும் ஒன்று போனது. வேப்ப எண்ணெய் அடிக்கலாமா, இல்லை மண்ணையே மாற்றிவிடலாமா?

மண்வெட்டி:
மண்ணில் கை வைக்காதீர்கள். விழுந்த நாற்றை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். நீர் கோத்து, பழுப்பாகி, நூல் மாதிரி இளைத்திருந்தால் அது நாற்றழுகல், தண்ணீரைக் குறைக்க வேண்டும். கடித்துத் துண்டித்த மாதிரி இருந்தால் வெட்டுப்புழு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும், இருட்டியதும் மேலே வரும். அது ஏற்கெனவே பாத்திக்குள்ளேயே இருக்கிறது, அப்புறம் சுற்றி வலை கட்டி என்ன பயன்? வேப்ப எண்ணெயும் இலையில்தான் படும், இதற்குப் பெரிதாக உதவாது. விழுந்த நாற்றைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறுங்கள், பெரும்பாலும் ஆள் அங்கேயே மாட்டுவார். மீதி நாற்றுகளுக்குக் காகிதக் கப்பின் அடியை வெட்டிவிட்டு வளையமாகப் போடுங்கள், ஒரு அங்குலம் மண்ணுக்குள், இரண்டு அங்குலம் வெளியே. தண்டு பென்சில் கனம் வரும்வரை இருந்தால் போதும்.

அடுப்படி:
இவ்வளவு எதற்கு, சுற்றிச் சாம்பல் தூவுங்கள், வராது.

மண்வெட்டி:
ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் சாம்பல் கரைந்து போகும். தினமும் கொட்டிக்கொண்டே இருந்தால் மண்ணின் காரத்தன்மைதான் ஏறும்.

புடலைப்பந்தல்:
குழி வேறு கதை என்று நினைக்கிறேன், மண்ணை மூடியும் மூடாமலும் விட்டிருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா? பூனைக்குப் பொலபொலவென்ற புதுமண் கிடைத்தால் விடாது. பக்கத்தில் மட்டும் வலை இருந்தால் மேலே தாண்டிக் குதிக்கும். செடிகளுக்கு நடுவே கோழிவலையை மண்மேல் படுக்கப் போடுங்கள், அல்லது நாலைந்து அங்குலத்துக்கு ஒரு குச்சி நட்டுவிடுங்கள், செடி அடர்ந்ததும் எடுத்துவிடலாம். மேலே வலை போடுவதானால் பிவிசி குழாயை வில்லாக வளைத்து அதன்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டி, ஓரத்தைச் செங்கல் வைத்து அழுத்துங்கள். நான் தொளதொளவென்று போட்டு, அதில் ஓர் ஓணான் சிக்கி, கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் விட வேண்டியிருந்தது. பின்னால் வெள்ளரி, பூசணி நட்டால் பூக்கிற காலத்தில் காலையில் வலையைத் திறந்து வையுங்கள், தேனீ வராமல் காய் பிடிக்காது. தக்காளிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, காற்றில் ஆடினாலே போதும்.

பச்சைமிளகாய்:
கிளறினேன், நான்கு சிக்கியது! சாம்பல் நிறத்தில் மோதிரம் மாதிரி சுருண்டு, ஒன்று வெட்டுப்பட்ட தண்டுக்கு நேர் அடியிலேயே படுத்திருந்தது. 9 நாற்றுக்கும் வளையம் போட்டு மூன்று ராத்திரி ஆயிற்று, ஒன்றும் சாயவில்லை. மண்மேல் சருகு பரப்பி மூடாக்கு இப்போதே போடலாமா?

மண்வெட்டி:
போடலாம், ஆனால் தண்டை ஒட்டி வேண்டாம், ஒரு கை அகலம் விட்டுப் போடுங்கள். ஈரமான சருகுக்கு அடியில்தான் புழுவும் நத்தையும் ஒளியும்.

பச்சைமிளகாய்:
சரி. குழி தோண்டுகிற ஆளும் இன்று காலை கையும் களவுமாகப் பிடிபட்டார், எங்கள் வீட்டுப் பூனையேதான். குச்சி நட்டுக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.