ஆப்பிரிக்கக் காடுகளில் ஆய்வு செய்தவர்களே, இன்னும் உங்களை விடாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

பாறுத்தடம்:

நானே தொடங்குகிறேன். முதுகலை ஆய்வுக்காகக் கென்யாவில், மாசாய் மாரா பக்கம் பாறு கழுகுகளின் நடமாட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பறவைகளின் மேல் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவி, அவை இருக்கும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும். ஒரு பறவையின் புள்ளி விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் நின்றது. வெயில் ஏறி அனல் எழும்பிய பிறகும் பாறு தரையை விட்டுக் கிளம்பவில்லை என்றால் அது செத்திருக்கும், இல்லை சாகக் கிடக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

போய் இறங்கியதும் முதலில் உறைத்தது அங்கே சத்தமே இல்லை என்பதுதான். செத்த மாட்டைச் சுற்றி ஈ இரையும் அல்லவா? இங்கே ஈக்களும் செத்துக் கிடந்தன, மிளகைக் கொட்டி வைத்ததுபோல. கூட வந்த ரேஞ்சர் உடனே, கையுறை போடாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று கத்தினார். கார்போஃபியூரான். பயிருக்குப் போடுகிற பூச்சிமருந்து. பிணத்தில் தூவிவிட்டால் போதும், வருகிற எதுவும் பிழைக்காது.

வெண்முதுகுப் பாறுகளும் ரூப்பெல் பாறுகளும் சிறகை விரித்தபடி கிடந்தன. சிலவற்றுக்கு உயிர் இருந்தது. நான் ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் விரல்கள் இறுக மடங்கியிருந்தன. என் விரலால் பிரித்துப் பார்த்தேன், திரும்ப மடங்கிக்கொண்டது. மருத்துவர் விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட்டார்.

கொஞ்ச தூரத்தில் மாடு மேய்க்கும் ஒரு பையன் கோலை ஊன்றி நின்றிருந்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. இரண்டு நாளுக்கு முன் சிங்கம் பட்டிக்குள் புகுந்து அவர்கள் மாட்டை அடித்திருந்தது. விஷம் வைத்தது அவன் வீட்டுப் பெரியவர்களா வேறு யாருமா, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அவன் ரேஞ்சரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சிங்கம் எங்கே?" கிடந்ததெல்லாம் பறவைகள். சிங்கம் வரவே இல்லை. அதை அவனிடம் சொன்னபோது அந்த முகம் போன போக்கைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2015இல் ஆப்பிரிக்கப் பாறுகளில் நான்கு இனங்களை ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) ஒரே நேரத்தில் மிக அருகிய நிலைக்கு மாற்றியது. 2019இல் போட்ஸ்வானாவில் மூன்று யானைப் பிணங்களில் வைத்த விஷத்துக்கு 537 பாறுகள் பலியாயின. ஒரு பாறு இறங்குவதைப் பார்த்து இன்னொன்று இறங்கும், அதைப் பார்த்து அடுத்தது. அதனால்தான் ஒரே பிணத்தில் இத்தனை சாகின்றன. படித்தபோது இதெல்லாம் எனக்கு வெறும் எண்களாக இருந்தன.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

---

தேன்வழி:

படிக்கவே முடியவில்லை. என்னுடையதில் சாவு இல்லை. ஆனாலும் உறுத்துகிறது.

வடக்கு மொசாம்பிக், நியாசா காப்பகம். 42,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. நான் போனது மரக் கணக்கெடுப்புக்கு. உடன் வந்தவர் யாவோ இனத்துப் பெரியவர், இளமையிலிருந்தே தேன் எடுப்பவர். தேன்காட்டிப் பறவையைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். மனிதர்களைத் தேன்கூட்டுக்கு வழிகாட்டிப் போகும், கூட்டை வெட்டிய பிறகு மெழுகு அதற்கு. யாவோக்கள் அதை அழைக்க "ப்ர்ர்ர்-ஹ்ம்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் கொடுத்தால் தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக ஏறுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது, அதே நியாசாவில்.

அன்று எங்களிடம் கோடரியும் இல்லை, தீ மூட்ட ஒன்றும் இல்லை. அளவுநாடாவும் நோட்டும்தான். அந்தப் பறவை தானாக வந்து தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து விடாமல் கூப்பிட்டது. கொஞ்சம் பறந்து, வால் ஓரத்து வெள்ளை தெரிய விரித்து, திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டது. பெரியவரிடம், "ஐயா, நீங்கள் ஒரு குரல் கொடுங்களேன், கேட்க ஆசையாக இருக்கிறது" என்றேன். மாட்டேன் என்றார். "பதில் சொன்னால் அதன் பின்னால் போயாக வேண்டும். போகாமல் இருந்தால் அது ஏமாந்துவிடும்." நாங்கள் மரம் மரமாக அளந்தோம், அது கூடவே வந்தது. வெகுதூரம் வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கடைசியில் நின்றுபோனது.

இந்தப் பறவை வேறு பறவைகளின் கூட்டில் முட்டையிடும். குஞ்சு கண் திறக்கும் முன்பே கொக்கி மாதிரி இருக்கும் அலகால் கூட்டின் உண்மையான குஞ்சுகளைக் குத்திக் கொன்றுவிடும். தாயை அறியாமல் வளர்கிற பறவை. அதற்கு மனிதனைக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தது யார்? அதையும் நினைக்கிறேன், பெரியவர் குனிந்தபடி நடந்ததையும் நினைக்கிறேன்.

---

ஓரக்காட்டான்:

முதல் பதிவு எழுதியவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பறவையை மடியில் வைத்ததை விரிவாக எழுதிய நீங்கள், அந்தப் பையன் வீட்டில் எத்தனை மாடு போனது, அடுத்து என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. அவனுக்கு மாடு என்பது பள்ளிக் கட்டணமும் மருந்தும் கல்யாணமும். நம் ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது. "மனித-விலங்கு மோதல்" என்று ஒரு அத்தியாயம் வரும், அதில் மனிதர் பெயர் தெரியாத புள்ளியாக இருப்பார்.

என் அனுபவம் போட்ஸ்வானாவில், ஒகவாங்கோ ஓரத்தில். மாட்டின் பின்பக்கம் இரண்டு பெரிய கண்கள் வரைந்தால் பதுங்கி வரும் சிங்கம், தன்னை மாடு பார்த்துவிட்டது என்று நினைத்துப் பின்வாங்குகிறது என்று அங்கே சோதித்தார்கள். 14 மந்தைகள், நான்கு ஆண்டுகள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூடப் பதுங்கித் தாக்கும் விலங்கிடம் சாகவில்லை. சிலுவைக்குறி போட்டவற்றில் 4, எதுவும் வரையாதவற்றில் 15. முடிவு 2020இல் வந்தது. நான் அதில் பங்கெடுத்தவன் இல்லை. பிறகுதான் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனேன்.

ஒரு மாட்டுக்காரர் வீட்டு வாசலில் தேநீர் குடித்துக்கொண்டே நான் இதை ஆர்வமாக விளக்கினேன். சில மாட்டுக்குக் கண், சிலவற்றுக்குச் சிலுவை, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை, அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒன்றுமில்லாத மாடு யாருடையது?"

நான் சொன்ன பதில் அறிவியல்படி சரி. பலன் தரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது சோதிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அவரும் தலையாட்டினார். இருந்தாலும் இன்றுவரை ஆய்வு வடிவமைப்பு என்று எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இப்போதெல்லாம் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கும் சோதனை முடிந்ததும் அதே உதவி கிடைக்கும் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுகிறேன்.

---

மோஷி மலையடி:

நான் ம்வெகாவில் படித்தவன். கிளிமஞ்சாரோ சரிவில், 1963இல் தொடங்கிய வனவிலங்கு மேலாண்மைக் கல்லூரி. எனக்கு நடந்தது சிறியதுதான். தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் வறண்ட ஆற்றுமணலில் ஒரு பெண் யானை காலாலும் துதிக்கையாலும் குழி தோண்டித் தண்ணீர் ஊறக் காத்திருந்தது. தான் குடித்து முடித்து நகர்ந்ததும் குட்டி முட்டிபோட்டுத் தலையைக் குழிக்குள் விட்டது. காற்று திரும்பி எங்கள் வாடை தாய்க்கு எட்டிவிட்டது. தாய் எங்கள் பக்கம் காதை விரித்து நின்றாள், குட்டி எழுந்திருக்கும் வரை அசையவில்லை. எங்களைத் துரத்தியிருக்கலாம், துரத்தவில்லை. அவ்வளவுதான்.

இங்கே படிக்கும் தம்பி தங்கைகள் கிளம்பும் முன் சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தான்சானியாவில் கோஸ்டெக் (அறிவியல் தொழில்நுட்ப ஆணையம்) அனுமதியும் தவிரி (வனவிலங்கு ஆய்வு நிறுவனம்) ஒப்புதலும் இல்லாமல் ஒரு சாணி உருண்டையைக்கூட எடுக்கக்கூடாது. அதற்குப் பிறகு குடியிருப்பு அனுமதி, ஆய்வாளருக்கு சி வகை. கென்யாவில் அந்நாட்டு அறிவியல் ஆணையமான நகோஸ்டியின் உரிமம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும், மழைக்காலம் உங்களுக்காகக் காத்திருக்காது, அதனால் பயணச்சீட்டு கடைசியில்தான். யானை, காண்டாமிருகம் மாதிரி விலங்குகளின் ரத்தம், திசு எதையாவது நாட்டைவிட்டு எடுத்துப்போவதென்றால் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி தனி. முடிந்தால் அங்கேயே ஆய்வகம் பாருங்கள், அங்கே படிக்கும் ஒரு மாணவருக்கும் அது பயிற்சி.

நீலச் சட்டையும் கறுப்புச் சட்டையும் வேண்டாம். தூக்கநோயைப் பரப்பும் செட்சி ஈக்கு அந்த இரண்டு நிறமும் பிடிக்கும், அதற்குப் பொறி வைப்பதே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான். காக்கி, மங்கிய பச்சை போதும். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமூ" என்று ஸ்வாஹிலியில் மரியாதையாக வணக்கம் சொல்லுங்கள், அவர் "மரஹபா" சொல்லும்வரை வேறு பேச்சை எடுக்காதீர்கள். அந்த ஒரு சொல் திறக்கும் கதவை எந்தக் கடிதமும் திறக்காது. தடம் பார்ப்பவர்தான் உங்கள் கண். அவர் பெயரைக் கட்டுரையில் நன்றி வரியில் மட்டும் போட்டு முடிக்காதீர்கள். சிறுத்தை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொன்னவர் அவர் என்றால் அவரும் ஆசிரியர்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குறிப்பை அன்றன்றே எழுதுங்கள், மறுநாள் எழுதினால் அது வேறு குறிப்பு. அப்புறம், யானை வண்டியின் பக்கம் வந்தால் பதறாமல் என்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் இருங்கள். அதுவாகப் போய்விடும்.

---

வெள்ளச்சமவெளி:

அண்ணா, மற்றதெல்லாம் சரி. கடைசி அறிவுரையை மட்டும் தயவுசெய்து பொதுவாகச் சொல்லாதீர்கள். தரங்கிரே யானைக்கு அது பொருந்தலாம். மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் பொருந்தாது.

மொசாம்பிக் உள்நாட்டுப் போர், 1977 முதல் 1992 வரை. இரு தரப்புமே தந்தத்துக்காகவும் கறிக்காகவும் சுட்டார்கள். கொரொங்கோசாவின் யானைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. தந்தம் உள்ளதைத் தேடித்தேடிச் சுட்டதால் தந்தமில்லாத பெண் யானைகள் அதிகமாகத் தப்பின. போருக்கு முன் 18.5 சதவீதமாக இருந்த தந்தமில்லாப் பெண் யானைகள் பிறகு 50.9 சதவீதம். 2021இல் மரபணுக் காரணமும் வெளிவந்தது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது கிடைக்கும் ஆண் கரு பிழைப்பதில்லை. அதனால்தான் அங்கே தந்தமில்லாத ஆண் யானையைப் பார்க்க முடிவதில்லை.

நான் பார்த்தது அந்தத் தலைமுறைக் கிழவி ஒருத்தியை. காதில் பழைய ஓட்டை. கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். நாங்கள் ஒதுங்கி, நல்ல தூரத்தில்தான் இருந்தோம். ஓட்டுநர் என்ஜினை அணைக்கவே இல்லை, கை கியரிலேயே இருந்தது. அவள் பிளிறவில்லை, மண்ணை வாரிப் போடவில்லை, மிரட்டும் அறிகுறி எதுவும் காட்டவில்லை. தலையைத் தாழ்த்தி நேராக வந்தாள். பின்னால் இளம் யானைகளும் வந்தன, அவை போருக்குப் பிறகு பிறந்தவை. வண்டி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளைப் பார்த்துக் கற்றவை. நாங்கள் தப்பியது ஓட்டுநரால். உள்ளூர்க்காரர், அந்தக் கூட்டத்தை அடையாளம் தெரிந்தவர்.

ஆகவே யானையின் குணத்தைப் பற்றி அல்ல, அந்தக் குறிப்பிட்ட யானைக்கு என்ன நடந்தது என்று உள்ளூரில் கேளுங்கள்.

---

பாறுத்தடம்:

ஓரக்காட்டான், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக என் பதிவு பையனை மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரும் மாட்டுக் கணக்கும் எழுதாததற்குக் காரணம் உண்டு. விஷம் வைப்பது அங்கே குற்றம், சின்னப் பையனை அடையாளம் காட்டுகிற எதையும் நான் எழுதமாட்டேன். பட்டியைச் சங்கிலிவேலியால் பலப்படுத்தினால் இரவுத் தாக்குதல் குறைகிறது, அது அந்த வீட்டுக்குச் செய்யப்பட்டது. பாறுகளும் முக்கியம், அவனும் முக்கியம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை மறுத்ததாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று. தனிச்செய்தியில் ஒருவர், "நம்மூரிலும் பாறு இப்படித்தான் போனதா" என்று கேட்டிருந்தார். இல்லை. இந்தியாவில் பாறுகளைச் சரித்தது முக்கியமாக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் உள்ளன. அங்கே மருந்துக் கடையைக் கவனிக்க வேண்டும், கென்யாவில் பூச்சிமருந்துக் கடையை.

---

பேல்மேடு:

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். எத்தியோப்பியாவின் பேல் மலைகள். சானெட்டி மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர், மூச்சு வாங்கும். எத்தியோப்பிய ஓநாய் உலகத்திலேயே 500ஐ ஒட்டித்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் பேலில். பசி அதைக் கொல்வதில்லை, எலி நிறைய இருக்கிறது. வெறிநோய் கொல்கிறது. அதுவும் மேய்ப்பர்களோடு மேலே ஏறிவரும் நாய்களிடமிருந்து. 1991லும் 2003லும் வந்த அலைகளில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நாய்களுக்கு ஊசி போடுவதோடு, 2018இலிருந்து ஓநாய்களுக்கே ஆட்டுக்கறிக்குள் வாய்வழித் தடுப்பு மருந்து வைத்து இரவில் போடுகிறார்கள்.

நான் குட்டிகளைக் கவனிக்கப் போயிருந்தேன். ஒரு விடியலில் பெரிய ஓநாய்கள் எல்லைச் சுற்றுக்குப் போயிருந்தன, ஒரு இளம் பெண் ஓநாய் மட்டும் வளைக்குக் காவல். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு நாய் வந்தது. மெலிந்த, மஞ்சள் நிற நாய். ஓநாய் எழுந்தது. சண்டை வரும் என்று நினைத்தேன். நாய் வாலை ஆட்டியது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துகொண்டன, வெகுநேரம். பார்க்க அழகாக இருந்தது. எனக்குக் கைகால் நடுங்கியது.

கண்காணிப்புக் குழுவுக்கு உடனே சொன்னோம். அவர்கள் மேய்ப்பர் குடியிருப்புகளில் தேடினார்கள். அந்த நிறத்தில் நாய்கள் பல. நான் ஊர் திரும்பும்வரை அந்த ஓநாய்க் கூட்டத்தில் நோய் எதுவும் தெரியவில்லை. அந்த நாய் யாருடையது, அதற்கு ஊசி போட்டிருந்தார்களா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. இப்போது பேலில் உள்ள வெப் பள்ளத்தாக்குப் பக்கம் நாய்த் தடுப்பூசி வேலையில் யாராவது இருந்தால் எழுதுங்கள். மேய்ப்பர்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும்போது ஊசி போட்ட நாயை எப்படி அடையாளம் வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.