காசும் வாங்கிக்கொண்டு நம் தகவலையும் விற்கலாமா?

மழைக்காலன்:
அமெரிக்காவில் இருக்கிறேன், புதிதாக பிராட்பேண்ட் எடுத்தேன். நான் போகும் தளங்களின் விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மாதாமாதம் பணமும் கட்டிவிட்டு இதற்கும் தலையாட்ட வேண்டுமா? சட்டம் விடுகிறதா?

கம்பிவலை:
விடுகிறது, அதுதான் கொடுமை. 2016 அக்டோபரில் எஃப்சிசி, அதாவது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், ஒரு விதி போட்டது: வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதிக்காமல் அவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார் என்ற விவரத்தை இணைய நிறுவனம் பயன்படுத்தவோ பகிரவோ கூடாது. அது முழுதாக நடைமுறைக்கு வருமுன்பே 2017-இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது, மேலவையில் 50-க்கு 48 வாக்குகள், ஏப்ரலில் டிரம்ப் கையெழுத்திட்டார். மெயின் மாநிலம் 2019-இல் தனிச்சட்டம் போட்டு, முன்சம்மதம் வேண்டும் என்றது.

பழையசோறு:
செல்போன் நிறுவனமான வெரைசான் செய்ததை மறக்கக்கூடாது. செல்போனிலிருந்து தளங்களுக்குப் போகும், குறியாக்கம் இல்லாத (வழியில் பிறர் படிக்கக்கூடிய) ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓர் அடையாள எண்ணைச் செருகினார்கள். குக்கியை (தளங்கள் நம்மை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு கோப்பை) அழித்தாலும் அந்த எண் போகாது, ஏனென்றால் அது உங்கள் போனில் இல்லை, அவர்கள் வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. 2016-இல் அபராதம் 13.5 லட்சம் டாலர், அந்த நிறுவனத்துக்கு அது ஒரு காசா? இன்னொரு இணைய நிறுவனமான ஏடி அண்ட் டி இன்னும் மோசம், கண்காணிப்பு வேண்டாம் என்றால் மாதம் 29 டாலர் கூடுதலாகக் கட்டு என்றது. அந்தரங்கம் பணக்காரனுக்கு மட்டுமா?

மழைக்காலன்:
முகவரியில் பூட்டுக்குறி (குறியாக்கம் இருக்கிறது என்ற அடையாளம்) இருந்தாலும் இணைய நிறுவனத்துக்குத் தெரியுமா?

கம்பிவலை:
நீங்கள் எழுதுவது தெரியாது, தளத்தின் பெயர் பெரும்பாலும் தெரியும். மருத்துவமனைத் தளத்துக்கு நள்ளிரவில் போனீர்கள் என்பதே போதாதா? பிரவுசரில் டிஎன்எஸ் குறியாக்கத்தை (தளத்தின் பெயரை வைத்து முகவரி தேடும் கேள்வியை மறைக்கும் வசதியை) போடுங்கள், ஓரளவு மறையும். விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) போட்டால் நம்பிக்கை அந்த விபிஎன் நிறுவனத்தின் மேல் மாறுகிறது, அவ்வளவுதான். முதலில் உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் விளம்பரச் சம்மதத்தை அணைத்துவிடுங்கள்.