சித்தூர்ப் பக்கம் சாயங்காலம் சும்மா உட்கார ஒரு இடம் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
ஆந்திரா சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர். பிஎஸ்சி இரண்டாம் வருஷம். வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர், ராத்திரி பத்து மணி வரை டிவி. கல்லூரி விட்டதும் ஒரு மணி நேரம் மரம், காற்று, கொஞ்சம் தண்ணீர் என்று எங்காவது உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், மண்டைக்குள் இரையும் சத்தம் அடங்கிவிடும். மலம்புழா அணைப் பூங்கா வேண்டாம், வாரா வாரம் டிக்கெட் எடுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: "மோளே, எவிடெயா வீடு, ஆருடெ மோளா" (வீடு எங்கே, யார் மகள்) என்று யாரும் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது. எங்கள் ஊர்க் கோயில் ஆலமரத்தடியில் அதுதான் நடக்கிறது, அடுத்த நாள் அம்மாவுக்குச் செய்தி போய்விடுகிறது.

பனங்காட்டு நரி:
ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடம் கேட்கிறாயே தங்கச்சி. சித்தூர்ப் புழைக்குப் பேரே சோகநாசினி. தெக்கேகிராமத்தில், மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லும் குருமடம் பக்கம் போய்ப் பார். மூன்று வருஷம் நான் அரியர் வைத்ததும் அங்கே உட்கார்ந்துதான், அதையெல்லாம் எழுதி முடித்ததும் அங்கே உட்கார்ந்துதான். ஆனால் ஒன்று, கரையோடு நிறுத்திக்கொள், பாறை காய்ந்திருக்கிறதே என்று நடு ஆற்றுக்கு இறங்காதே. இது ஆழியாற்றுத் தண்ணீர். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாக நம் பக்கம் வர வேண்டும், அது போக மேலே மழை பெய்தால் அணையைத் திறந்தும் விடுவார்கள், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். 2024 ஜூலையில் நான்கு பேர் நடு ஆற்றில் மாட்டி, தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

கோட்டைமைதானம்:
ஆற்றங்கரை சரி, ஆனால் பெண் பிள்ளை தனியாக என்றால் எனக்கு டவுன்தான் தோன்றுகிறது. பாலக்காட்டுக் கோட்டைக்கு வா. 1766இல் ஹைதர் அலி கட்டியது, எல்லோரும் திப்பு கோட்டை என்பார்கள். சுற்றிலும் அகழி, உள்ளே புல்லும் மரமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே, செல்ஃபி கூட்டம். மற்ற நாளில் நடக்க வருகிற அக்காமார்களே பாதிப் பேர், அவர்கள் பேசுவதெல்லாம் சுகர் பற்றித்தான், உன்னை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

வேலந்தாவளம் அண்ணன்:
நான் சொல்வது யாருக்கும் தோன்றாத இடம், முதலமடை ரயில்வே ஸ்டேஷன். சிரிக்காதே. பிளாட்ஃபாரம் நெடுக ஆலமரங்கள், விழுது தொங்கும், அடியில் பெஞ்சு. பொள்ளாச்சி பாதையை அகலப்பாதையாக்கி 2015இல் திறந்த பிறகும் நாளுக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் வண்டி. எதிரே நெல்லியாம்பதி மலை, மழைக்காலத்தில் பாறையில் வெள்ளைக் கோடாக அருவி தெரியும். சீசனில் ஊரே மாம்பழ வாசனை. முக்கியமாக, ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறவரை யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை, வண்டிக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கொல்லங்கோடு போய் கோவிந்தாபுரம் பஸ் ஏறு. தினமும் முடியாது, அது உண்மைதான். பிளாட்ஃபாரம் டிக்கெட் கேட்டால் எடுத்துக்கொள், அல்லது அடுத்த ஸ்டேஷனுக்கே ஒரு டிக்கெட் எடுத்துவிடு.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
அண்ணா, அந்த ஸ்டேஷன் யோசனைக்கே ஒரு கும்பிடு. சனிக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறேன். மற்ற நாளில் குருமடப் பக்கம், கரையோடு மட்டும், நரி அண்ணன் பயப்பட வேண்டாம். அப்புறம், முதலமடையில் குரங்குத் தொல்லை உண்டா? புளிச்சோறு விஷயமாகக் கேட்கிறேன்.