கண் திறக்காத சுண்டெலிக் குட்டிக்கு இரவு வெளிச்சம் எட்டுமா?

இருட்டறை:
சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலிகள். குட்டி பிறந்த நாள் முதல் 21ஆம் நாள் வரை இரவில் 5 லக்ஸ் வெள்ளை எல்இடி, ஒப்பீட்டுக் குழுவுக்கு முழு இருட்டு. பிறகு மூளையில் நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பார்ப்பதாகத் திட்டம். கண் திறப்பதே 12–14ஆம் நாளில்தான். முதல் இரண்டு வாரம் வெளிச்சம் கொடுப்பது வீண்தானே? இரவில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனையும் அளக்கலாமா?

விழித்திரை:
வீண் என்று சொல்ல முடியாது. பார்வைக்கான குச்சி, கூம்பு செல்கள் தயாராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி உள்ள விழித்திரை செல்கள் பிறந்த உடனேயே வேலை செய்கின்றன. கண் மூடியிருக்கும் 6 நாள் குட்டிகூட வெளிச்சத்தை விட்டு விலகும். பிறந்ததிலிருந்து விடாமல் வெளிச்சத்தில் வளர்ந்த குட்டிகளின் மூளைக் கடிகாரம் சீர்குலைவதை 2006இல் வாண்டர்பில்ட் குழு காட்டியது.

ஆனால் அது இரவும் பகலும் எரிந்த விளக்கு. மெலனாப்சினைத் தூண்ட நிறைய வெளிச்சம் வேண்டும். உங்கள் 5 லக்ஸோ கூட்டையும் இமையையும் தாண்டிப் போக வேண்டும். ஆக, முதல் பத்து நாளில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் முதலில் தாயைச் சந்தேகியுங்கள்.

கூண்டு_காவலர்:
அதேதான். தாய்க்குக் கண் திறந்திருக்கிறது. இரவு வெளிச்சத்தில் அது தின்னும் நேரம் மாறும், பாலூட்டும் நேரமும் கூடவே மாறும். அகச்சிவப்பு கேமரா வைத்துத் தாய் கூட்டில் இருக்கும் நேரத்தைக் குறியுங்கள். குட்டிகளை எடை போடுங்கள். வெளிச்சம் நன்றாகப் படட்டும் என்று கூட்டுப் பஞ்சை எடுத்துவிடாதீர்கள், குட்டிகள் குளிரில் விறைக்கும். அப்புறம் நீங்கள் அளப்பது குளிரின் விளைவை. ஈற்றுக்கு 6 குட்டி என்று சமப்படுத்துங்கள். கணக்கில் ஓர் ஈற்றுதான் ஒரு மாதிரி. ஒரே தாயின் ஆறு குட்டிகளை ஆறு மாதிரியாக எண்ணுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

விழித்திரை:
மெலடோனின் கேள்வி விட்டுப்போயிற்று. சி57பிஎல்/6இல் அது கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை, அளக்கும் கிட் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சி3எச் என்ற வேறு சுண்டெலி வகையில் சுரக்கும், ஆனால் பெரும்பாலான சி3எச் வகைகளில் ஆர்டி1 மரபுப் பிறழ்வால் மூன்று வாரத்துக்குள் குச்சி செல்கள் அழிந்துவிடும். சிபிஏ/சிஏஜே வகையைப் பாருங்கள், மெலடோனினும் உண்டு, விழித்திரையும் கெடாது.

லக்ஸ்மீட்டர்:
கைபேசிச் செயலியை நம்பி 5 லக்ஸை அளக்காதீர்கள். 0.1 லக்ஸ் வரை காட்டும் மீட்டரின் உணரியைக் கூண்டுக்குள், கூட்டின் உயரத்தில் வைத்து நாலு பக்கமும் திருப்பி அளக்க வேண்டும். கூண்டுகளை அடுக்கும் ரேக்கின் மேல் தட்டும் கீழ் தட்டும் ஒன்றாக இருக்காது. 'முழு இருட்டு' அறையையும் விடாதீர்கள்: கதவிடுக்கு, காற்றோட்டக் கருவியின் பச்சை விளக்கு. பௌர்ணமி நிலவே சுமார் 0.3 லக்ஸுக்கு மேல் போகாது, அதனால் இந்தச் சின்னக் கசிவும் கணக்குதான். லக்ஸ் மனிதக் கண் உணர்வதை வைத்துக் கணக்கிடும் வெளிச்ச அளவு. வார்ம் வைட், கூல் வைட் இரண்டும் 5 லக்ஸ் காட்டினாலும் நீலம் அதிகமுள்ள கூல் வைட்தான் மெலனாப்சினைக் கூடுதலாகத் தூண்டும். அதனால் விளக்கின் நிறமாலையையும் பதிவு செய்யுங்கள்.