ரிஷிவேலி பள்ளிக்கு எந்த ஆண்டைத் தொடக்கமாக எழுதுவது?

குப்பத்துக்காரர்:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு மலருக்காக, மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி உறைவிடப் பள்ளியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தமிழும் வகுப்பில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு அது கூப்பிடு தூரத்துப் பள்ளிதான். ஆனாலும் அதன் வாயிலைத் தாண்டி உள்ளே போனவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. தொடக்கம் 1926 என்கிறார் ஒரு நண்பர். இல்லை, கிண்டியில் இருந்த பள்ளியே அங்கே இடம் மாறியது என்கிறார் இன்னொருவர். எதை எழுதலாம்? தாகூர் ‘ஜன கண மன’வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அந்தப் பள்ளியில்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

ஏடு புரட்டுபவர்:
தாகூரைப் பற்றிய வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அவர் அதை மொழிபெயர்த்தது 1919-இல், மதனப்பள்ளி நகரில் உள்ள பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில்; அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் ஜேம்ஸ் கசின்ஸ். ரிஷிவேலி அன்று பள்ளியே அல்ல, வறண்ட பள்ளத்தாக்கு.

ஆண்டைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் இருவருமே சரி. 1925-இல் பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) பொன்விழா அடையாறில் நடந்தபோது, உலகப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவும் எண்ணத்தை அதன் தலைவர் அன்னி பெசன்ட் முன்வைத்தார். அந்த எண்ணத்தின் சூட்டில்தான், மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தம் பிறந்த மண்ணில் இடம் தேடி, தெட்டு கிராமத்தருகே பெரிய ஆலமரம் நின்ற பள்ளத்தாக்கைத் தேர்ந்தார் என்பது பள்ளி வழி வரும் செய்தி. 1926 என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இந்தத் தொடக்கத்தைத்தான். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஒரு பள்ளி அங்கே நிலைகொண்டதோ, பெசன்ட் 1918-இல் கிண்டியில் தொடங்கிய தேசியப் பள்ளி 1930-களின் தொடக்கத்தில் ஜி.வி. சுப்பாராவின் பொறுப்பில் அங்கே பெயர்ந்த பிறகு. இடையில் 1929-இல், தம்மை உலக ஆசானாகக் கொண்டாடிய விண்மீன் சங்கத்தையே கிருஷ்ணமூர்த்தி கலைத்துவிட்டார். எந்த நம்பிக்கையின் பேரில் நிலம் தேடப்பட்டதோ அந்த நம்பிக்கையை அவரே உதறிய பிறகும் பள்ளி நடந்தது என்பதுதான், என் பார்வையில், உங்கள் கட்டுரையின் உயிர்நாடி. ஆண்டுச் சண்டை அதற்கு அடுத்ததே.

1950-களில் முதல்வராக இருந்த கார்டன் பியர்ஸுக்கும் ஒரு பத்தி கொடுங்கள். அவர் அதற்கு முன் குவாலியர் சிந்தியா பள்ளியை நடத்தியவர். மாலையில் மாணவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து, கதிரவன் மறைவதைப் பேச்சின்றிப் பார்த்திருக்கும் ‘அஸ்தாசல்’ வழக்கம் அங்கும் உண்டு, ரிஷிவேலியிலும் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பேரணாம்பட்டு:
தம்பி, உள்ளே போனவர் எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பள்ளியின் ஒரு பகுதி எல்லை தாண்டி எங்கள் வகுப்பறைக்கே வந்தது. 1980-களில் தொடங்கிச் சுற்றுக் கிராமங்களில் அவர்கள் சிறு பள்ளிகளை நடத்தினார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புப் பிள்ளைகள். அதற்கேற்ப பத்மநாப ராவும் ரமாவும் பாடங்களைத் துண்டு துண்டாக்கி, அட்டைகளாக, கிராமத்துக் கதைகளும் பாட்டுகளும் கலந்து தெலுங்கில் உருவாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது.

எங்கள் பள்ளிக்கு அது வந்த நாள் நினைவிருக்கிறது. மேசை நாற்காலியை ஓரங்கட்டிப் பாய் விரித்தோம். சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்தபடியே பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை. தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பாட அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்தைப் பார்த்து, அட்டை மூலையிலுள்ள சின்னத்தையும் எண்ணையும் பொருத்தி, தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண், விட்ட அட்டையிலிருந்தே தொடர்ந்தாள். முன்பானால் அந்தப் பிள்ளை பின்தங்கியே போயிருக்கும். குறையும் உண்டு: அட்டைகள் தொலையும், கிழியும், அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தட்டைச் சுற்றி நெரிசல்தான். சிறு பள்ளிக்காகப் பிறந்த முறை பெரிய வகுப்பில் திணறியதை நான் கண்ணால் பார்த்தவள்.

குப்பத்துக்காரர்:
மிக்க நன்றி அம்மா, ஐயா. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளி என்ற கோணத்திலேயே எழுதத் தொடங்கியிருந்தேன். இப்போது பாதியை அடித்துவிட்டேன். தொடக்கத்துக்கு இரண்டு காலத்தையும் குறித்து, இடையே 1929-ஐ வைக்கிறேன். மலரில் மூன்று பக்கம்தான் இடம். வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

பறவை நோக்கர்:
நிலத்தை விட்டுவிட்டீர்கள். மழை குறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் மரம் நட்டும் நீரைத் தேக்கியும் பசுமையை மீட்டிருக்கிறார்கள். 1991-இல் அது பறவைக் காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானை அங்கும் பக்கத்து ஹார்ஸ்லி மலையிலும் காணலாம். மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி போதும். படம் வேண்டுமானால் நான் எடுத்ததை அனுப்புகிறேன்.