நோட்டில் எழுதிய இரண்டாவது எண்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, அக்குளுக்குக் கீழே பொருத்தியிருந்த வடிகுழாயில் அன்றாடம் எத்தனை மில்லி நீர் சேர்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வரும்படி செவிலியர் சொல்லியிருந்தார். நாளொன்றுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். காலையில் காபி கொடுக்கும்போதே, "இன்றைக்கு எவ்வளவு?" என்று மாமியார் கேட்பார். குளியலறைக் கண்ணாடியை நான் துண்டு போட்டு மூடி வைத்திருந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

குழாயை எடுக்கப் போன அன்று, உளநல ஆலோசகர் தெர்மாமீட்டர் படம் அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டி, கடந்த ஒரு வாரத்தில் மனம் பட்ட பாட்டை 0 முதல் 10 வரை குறிக்கச் சொன்னார். 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு எண்ணாகச் சொல்வது எளிதாக இருந்தது, 8-ஐ வட்டமிட்டேன். 4 வந்தாலே மேற்கொண்டு விசாரிப்பார்களாம். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நான் டாமாக்சிஃபென் என்ற புற்றுநோய் மருந்தை உட்கொள்வதைக் கேட்டறிந்த அவர், பராக்செடின், ஃபுளுஒக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அதன் செயல்பாட்டைக் குறைத்துவிடக்கூடும் என்று விளக்கி, வேறொன்றை எழுதிக் கொடுத்தார். (தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) தாங்க முடியாமல் போன இரண்டு இரவுகளில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசினேன். குழாய் போன பிறகும் அதே நோட்டில், மனம் பட்ட பாட்டைச் சொல்லும் அந்த இரண்டாவது எண்ணை எழுதி வந்தேன். அது 5-க்கு இறங்க நான்கு மாதங்கள் ஆயின.

மறுமொழி:

சகோதரி தொலைபேசியில் பேசியதாக எழுதியிருப்பதைப் படித்ததும் என் கணவரை நினைத்துக்கொண்டேன். புற்றுநோயால் குரல்வளையை முழுவதும் அகற்றிய பிறகு அவர் யாரை அழைத்து என்ன பேசுவார்? ஆலோசனைக்குப் போகும்போதெல்லாம் அவர் சிலேட்டில் எழுதுவார். நான் வாசித்துச் சொல்வேன். மனைவி வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்துகொண்டே ஒருவர் எவ்வளவுதான் எழுத முடியும் என்பது எனக்குப் பல வாரங்கள் உறைக்கவில்லை. ஆலோசகர்தான் ஒரு நாள் என்னை வெளியே உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது சிலேட்டு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. என் கணவருடைய சட்டைக் கை முழுவதும் சாக்பீஸ் தூள்.